எல்லாருக்கும் ஒரே தொண்டை

அண்ணாச்சி, கொஞ்சம் இந்தப் பக்கமா நகர்ந்து உக்காருங்க. எனக்குச் சத்தமாப் பேச வராது. தொண்டை கட்டியிருக்கு. சளி இல்லை, ஒட்டிக்காது. நேத்து ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்ததும் மூச்சுக்காக வாய் வழியா ஒரு குழாய் விட்டாங்க. அது உரசினதுதான். உங்களுக்கும் நாளைக்கு விடுவாங்க. நீங்க தூங்கிட்டிருப்பிய, ஒண்ணும் தெரியாது.

எதுக்குப் பையை மடியிலேயே வெச்சிருக்கிய? கட்டிலுக்குக் கீழே வைங்க. யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. வலிக்குமான்னு யோசிக்கிய, அதானே? வலிக்காது. வலிச்சாலும் வயித்துல வலிக்காது, தோளுலதான் வலிக்கும். வயித்தை உப்ப வைக்க ஒரு காத்து அடிப்பாங்க, அது வெளியே வர வழி தெரியாம தோளுல போய் நிக்கும். நடந்தாச் சரியாயிடும். இப்ப நான் உங்களுக்குத் தைரியம் சொல்லுதேன். முகத்தை ஏன் அப்படி வெச்சிருக்கிய?

என் பேரு இசக்கிராஜ். பாளையங்கோட்டை. வயசு பத்தொம்பது. காலேஜுக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிக்கிடுவாங்க. என் நெசமான தொழில் அடுத்தவங்க குரல். யார் பேசினாலும் ஒரு தடவை காதுல விழுந்தாப் போதும், அப்படியே திருப்பிப் பேசிடுவேன். நேத்துக் காலை வரைக்கும் இந்தத் தொண்டைக்குள்ளே ஒரு ஊரே குடியிருந்தது அண்ணாச்சி. இப்போ எல்லாரும் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. டாக்டரும் இதே கரகரப்பு, எங்கப்பாவும் இதே கரகரப்பு, பொம்பளைப் பிள்ளை பேசினாலும் இதே தகரத்தை இழுத்த சத்தம். அதனால யார் பேசுறாங்கன்னு முன்னாடியே சொல்லிட்டுத்தான் பேசுவேன். இல்லைன்னா நீங்க குழம்பிடுவிய.

எங்கம்மா கேன்டீனுக்குப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ளே இதைச் சொல்லி முடிச்சிடுதேன். சிநேகிதங்கன்னு ரெண்டு பேரு என்னை எப்படி ஏமாத்தினாங்கன்னு கேளுங்க. கேட்டுட்டு நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

இந்த மதுரை ஆஸ்பத்திரியில சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு வகுப்பு உண்டு. எடை குறைக்கிற ஆபரேஷன் செய்துக்கப் போறவங்களை உக்கார வெச்சு, முன்னாடி என்ன குடிக்கணும், பின்னாடி எப்படி மெல்லணும்னு சொல்லிக் கொடுப்பாங்க. நீங்களும் வந்திருப்பிய, வேற கிழமையா இருக்கும். முதல் நாள் நான் போனப்போ கையில்லாத நாற்காலி ஒண்ணே ஒண்ணுதான் காலியா இருந்தது. கையுள்ள நாற்காலியில நம்மால உக்கார முடியும், எந்திரிக்கும்போது நாற்காலியும் கூடவே எந்திரிக்கும். அதனால போய் அதுல உக்காந்துட்டேன்.

தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது. பொம்பளைப் பிள்ளை குரல், மனசுல வெச்சுக்கிடுங்க.

“ஏல, யாரைக் கேட்டு இங்க உக்காந்த? என்னைக் கேட்டியா? கேக்கல. நாற்காலியில பை இருந்துதா? இருந்துது. அதை யாரு தூக்கிக் கீழே வெச்சா? நீதான்.”

அதுதான் ஜெனிட்டா. தூத்துக்குடிக்காரி, சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். கேள்வியும் அவதான் கேப்பா, பதிலும் அவதான் சொல்லுவா. நமக்கு அதுல ஒரு வேலையும் கிடையாது. பரீட்சையில பிள்ளைகள் என்ன செய்யும்னு தெரியலை.

பக்கத்து வரிசையிலிருந்து ஒரு ஆள் எந்திரிச்சார். எந்திரிச்சார்னா, உடம்பை மூணு தவணையில எந்திரிக்க வெச்சார். இது ஆம்பிளைக் குரல், மெதுவா, பஞ்சுல நடக்கிற மாதிரி வரும்.

“ஒண்ணுமில்ல சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க, எந்திரிச்சதே எந்திரிச்சுட்டேன், நீங்க இதுல உக்காருங்க, நான் சுவத்துல சாஞ்சுக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க.”

அது ஸதக். முழுப்பேரு ஸதக்கத்துல்லா, காயல்பட்டினம், வாப்பாவோட கடையில இருக்கார். என்னைவிட அஞ்சாறு வயசு மூப்பு, அவங்க ஊர்ல அண்ணனைக் காக்காம்பாங்க, அதனால நான் காக்கான்னுதான் கூப்பிடுவேன். அவரு காலை நாம மிதிச்சாலும் அவருதான் தப்பா எடுத்துக்காதேன்னு சொல்லுவார்.

அப்புறம் டாக்டர் வந்தார். நல்லசிவம் டாக்டர், உங்களுக்குத் தெரியும். தொடங்குறதுக்கு முன்னாடி மூக்கு வழியா ஒரு ‘ம்ம்’, முடிச்சதும் ஒரு ‘சந்தோஷம்’. நல்ல சேதி, கெட்ட சேதிங்கிற பேதமே கிடையாது. “ம்ம். சுகர் முந்நூறா? சந்தோஷம்.” அன்னைக்கு அவருக்குப் போன் வந்து வெளியே போனார். நான் சும்மா இருந்திருக்கலாம். கடைசி வரிசையிலிருந்து, வாயை அசைக்காம, “ம்ம். எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க. சந்தோஷம்”னேன். அவ்வளவு பேரும், எந்திரிக்கவே முடியாதவங்க எல்லாம், சுவரைப் பிடிச்சு எந்திரிச்சு நின்னுட்டாங்க. டாக்டர் திரும்பி வந்து பார்த்தார். “ம்ம். மரியாதையெல்லாம் எதுக்கு. உக்காருங்க. சந்தோஷம்.”

ஜெனிட்டா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தா. திட்டப் போறான்னு நினைச்சேன். அவ உடம்பு குலுங்கிச்சு, நாற்காலி குலுங்கிச்சு, கண்ணுல தண்ணி வந்துட்டு. அன்னையிலிருந்து நாங்க மூணு பேரும் ஒரு செட்டு.

எங்களுக்குள்ளே ஒரு ஏற்பாடு. ஒருத்தருக்கு ஆபரேஷன்னா மத்த ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கணும். யாரு முதல்லன்னு பேச்சு வந்தது. “யாரு முதல்ல? நான்தான். ஏன்? என் கிளாஸ் ரெண்டாவது மாடி.” அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது. ரெண்டாவது ஸதக் காக்கா. அவரு தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வரும், மூக்குல ஒரு மெஷினை மாட்டிட்டுத்தான் படுப்பார். மூணாவது நான்.

ஜெனிட்டாவுக்கு ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள், நடக்கச் சொன்னா நடக்க மாட்டேங்கிறா. நர்ஸ் சொல்லிப் பார்த்தாங்க. ஸதக் காக்கா போய், “தப்பா எடுத்துக்காதே ஜெனி, ரெண்டே ரெண்டு எட்டு”ன்னார். “நடக்கணுமா? நடக்கணும். முடியுமா? முடியாது. போங்க.” நான் திரைக்கு வெளியே நின்னு, “ம்ம். ஜெனிட்டா எந்திரிச்சாச்சா? சந்தோஷம்”னேன். பொசுக்குன்னு எந்திரிச்சுட்டா. திரையை விலக்கிப் பார்த்தா, நான். அப்படியே சலைன் கம்பியைத் தள்ளிக்கிட்டு என்னை விரட்டினா பாருங்க, வராண்டாவோட அந்தக் கடைசி வரைக்கும். அடுத்து ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், இவ்வளவு நல்லா நடந்த பேஷன்ட்டை நான் பார்த்ததில்லைன்னு சொன்னார். யாரால நடந்தா? அந்த நன்றியெல்லாம் அவகிட்டே கிடையாது.

வீட்டுக்குப் போனதும் இன்னொரு தொல்லை. அவங்கம்மா பெர்னதெத் அம்மாவுக்குப் பிள்ளை மெலியுறது தாங்கலை. ஆபரேஷன் ஆனவங்க ஒரு மாசத்துக்குத் தண்ணியா இருக்கிறதைத்தான் குடிக்கணும். அந்தம்மா நண்டு ரசம்னு கொண்டு வருவாங்களாம், கரண்டியை விட்டாக் கீழே முழு நண்டு படுத்திருக்குமாம். ஜெனிட்டா எங்ககிட்டே போன்ல அழுதா. அம்மாகிட்டே சத்தம் போட்டா அம்மா அழுறாங்க, அம்மா அழுதா இவ குடிச்சிடுறா, குடிச்சா வாந்தி. நான் என்ன செய்தேன், அவங்க ஊர்ப் பங்குச்சாமி பேசுற பூசை வீடியோவை ரெண்டு தடவை கேட்டேன். அப்புறம் அந்தம்மாவுக்குப் போனைப் போட்டேன். இது பங்குச்சாமி.

“பெர்னதெத், ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. பிள்ளைக்கு நண்டு கொடுக்கிறாயாமே. மருத்துவருடைய சொல்லை மீறுவது நல்லதல்ல, மகளே.”

அதோட நண்டு நின்னுட்டு. ஞாயித்துக்கிழமை அந்தம்மா நேராப் போய்ப் பாவசங்கீர்த்தனத்துல நண்டைச் சொல்லி அழுதிருக்காங்க. பாவம், சாமியாருக்குத் தலையும் புரியலை, காலும் புரியலை. ஜெனிட்டாவுக்கு விஷயம் தெரிஞ்சு, “உனக்கு மூளை இருக்கா? இல்லை. நரகம் இருக்கா? இருக்கு. அங்க போவியா? போவ”ன்னு போனை வெச்சா. அஞ்சு நிமிஷம் கழிச்சு அவளே கூப்பிட்டு, அந்தச் சாமியார் மாதிரி இன்னொரு தடவை பேசுன்னா.

ஸதக் காக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. ஆனா அவரு சொந்தக்காரங்ககிட்டே எல்லாம் குடலிறக்கம்னு சொல்லி வெச்சிருந்தார். எடைக்காக வயித்தை வெட்டிக்கிட்டான்னு தெரிஞ்சா ஊரே வந்து புத்தி சொல்லும்னு பயம். மூணாவது மாசம் அவரு சாச்சா மகன் கல்யாணம், அதாவது சித்தப்பா மகன். அவங்க ஊர்க் கல்யாணச் சாப்பாடு பார்த்திருக்கியளா? பெரிய தட்டுல சோறும் கறியும் மலை மாதிரி வெச்சு, ஒரு தட்டுக்கு ரெண்டு மூணு பேர் சுத்தி உக்காந்து ஒண்ணாச் சாப்பிடணும். சஹன்னு சொல்லுவாங்க. தனி இலைன்னா ஒதுக்கி வெச்சு மறைச்சிடலாம். ஒரே தட்டுல எங்கே மறைக்கிறது? காக்காவால அப்போ நாலு வாய்க்கு மேலே முடியாது. கூட உக்காந்தவன் பார்த்துடுவான்.

“ஒண்ணுமில்லப்பா, தப்பா எடுத்துக்காதே, என் சஹன்ல நீ வந்து உக்காருவியா?”

உக்காந்தேன். காக்கா கையைத் தட்டுல வெச்சுச் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருப்பார், நான் அவரு பக்கத்தையும் சேர்த்துக் காலி பண்ணணும். பண்ணினேன். சாச்சா வந்து, ஸதக் நல்லாச் சாப்பிடுறான், மாஷா அல்லாஹ்னு சொல்லி இன்னொரு கரண்டி கறி வெச்சார். அதையும் பண்ணினேன். கறின்னா என்ன கறி தெரியுமா அண்ணாச்சி, எலும்பு தானாக் கழண்டு வருது. முழுக்க முழுக்க நட்புக்காகச் சாப்பிட்டது. அடுத்த வாரம் டாக்டர் என்னை எடை பார்த்தார். “ம்ம். கூடியிருக்கு. சந்தோஷம்.” நட்புக்காக ஏறின எடையை எந்த மெஷின் பிரிச்சுக் காட்டுது?

இப்போ என் முறை வந்தது.

ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க டாக்டரம்மாவைப் பார்க்கச் சொன்னாங்க. அவங்க வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. குழாய் விடுவோம்னாங்க. குரலுக்கு ஏதாவது ஆகுமான்னு சும்மாதான் கேட்டேன். “கொஞ்ச நாள் கரகரன்னு இருக்கும்ப்பா. பெரும்பாலும் சரியாயிடும்.”

பெரும்பாலும்.

பயம்னு நினைக்காதீய. பயமெல்லாம் எனக்குக் கிடையாது. நான் யோசிச்சது வேற. நான் போய்ப் படுத்துட்டா இவங்க ரெண்டு பேரையும் யாரு பார்க்கிறது? அதாவது, ஜெனிட்டா அப்போ ரெண்டு மாடி ஏறிட்டுத்தான் இருந்தா. காக்கா மெஷினைக் கழட்டிப் பெட்டியில வெச்சுட்டார். இருந்தாலும் ஒரு பொறுப்பு இருக்கில்லா.

உங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன். எட்டாங் கிளாஸ் படிக்கும்போது, பி.டி. பீரியட்ல கிரவுண்டைச் சுத்தி ஓடச் சொல்லுவாங்க. நான் பாதி சுத்துறதுக்குள்ளே மத்தவனெல்லாம் முடிச்சுட்டு எனக்காக வந்து உக்காந்திருப்பான். வேடிக்கை பார்க்க. ஒருநாள் மூச்சு வாங்கிக்கிட்டே பி.டி. சார் குரல்ல, “எவம்லே உக்காந்திருக்கது, இன்னொரு ரவுண்டு ஓடு”ன்னேன். அத்தனை பேரும் அலறியடிச்சு ஓடினான். அப்புறம் விஷயம் தெரிஞ்சு விழுந்து விழுந்து சிரிச்சான். மறுநாளிலிருந்து பெஞ்சுல எனக்கு இடம் பிடிச்சு வெச்சான். அதுக்கு முன்னாடி என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் சொன்னதைக் கேட்டுச் சிரிச்சாங்க. ரெண்டும் வேறன்னு உங்களுக்குத் தெரியும். உங்க உடம்புக்கும் தெரிஞ்சிருக்கும்.

சரி, அதை விடுங்க. நான் என்ன செய்தேன், டாக்டர் குரல்ல எங்கம்மாவுக்குப் போன் போட்டேன். “ம்ம். ஆபரேஷன் மெஷின் ரிப்பேரும்மா. ஜெர்மனியிலிருந்து ஸ்பேர் வரணும். சந்தோஷம்.” எங்கம்மா என்கிட்டேயே வந்து, பாவம்டா அந்த டாக்டர், எவ்வளவு பணிவாப் பேசுறாருன்னா.

ஆஸ்பத்திரிக்கு எங்கப்பா குரல்ல போட்டேன். எங்கப்பா பஸ் ஸ்டாண்டுல மைக்குல பஸ் அறிவிக்கிறவர். வீட்டுலேயும் அதே பேச்சுத்தான். சோறு வெந்துட்டான்னு கேட்டா, அடுத்த சில நிமிடங்களில் புறப்பட உள்ளதும்பார். “எனது மகளுக்குச் சடங்கு நடைபெற இருப்பதால், நாளைக் காலை நடக்கவிருந்த ஆபரேஷன் அடுத்த மாதத்திற்கு மாற்றப்பட்டுள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.” கவுன்டர்ல இருந்த பிள்ளை வாழ்த்துகள் சார்னா. எனக்குத் தங்கச்சி கிடையாது. ஒத்தைப் பிள்ளை நான்.

அடுத்த மாசம் ஜெர்மனி ஸ்பேர் கப்பல்ல மாட்டிக்கிட்டு. தங்கச்சிக்கு அம்மை போட்டுட்டு. நல்லாத்தான் போயிட்டிருந்தது.

அப்புறம் இந்த ஜெனிட்டா செக்கப்புக்கு வந்திருக்கா. கவுன்டர்ல அந்தப் பிள்ளை சும்மா இல்லாம, உங்க ஃப்ரெண்டோட தங்கச்சிக்கு அம்மை இறங்கிட்டான்னு கேட்டிருக்கு. இவ என்ன செய்யணும்? நேரா எனக்குப் போன் போட்டு நாலு வார்த்தை திட்டணும். அதானே சிநேகம்? திட்டலை. எங்கம்மாவுக்குப் போட்டிருக்கா. எங்கம்மா ஜெர்மனியைச் சொல்லியிருக்கா. ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பார்த்துட்டு, ஒரு வார்த்தை என்கிட்டே மூச்சு விடலை.

ஒரு நாள் மத்தியானம் டீக்கடையில நின்னுட்டிருக்கேன், கையில வாழைக்காய் பஜ்ஜி. தெரியாத நம்பர்.

“இசக்கி. டாக்டர் பேசுறேன். நாளைக்குக் காலையில வந்து அட்மிட் ஆகு.”

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. ஏன்னா முந்தின வாரம்தான் ஸதக் காக்கா, எனக்கும் டாக்டர் குரலைக் கத்துக்கொடுன்னு கேட்டுட்டிருந்தார். பழகிப் பார்க்கிறார் போலன்னு நினைச்சுட்டேன். “காக்கா, சகிக்கலை”ன்னேன். “முன்னாடி ‘ம்ம்’ எங்கே? பின்னாடி ‘சந்தோஷம்’ எங்கே? அந்த மனுஷனுக்கு மூக்குல பாதி, வாயில பாதி வரும். நீங்க முழுக்க வாயிலேயே பேசுதிய. கோவமா வேற பேசுதிய, அவரு என்னைக்குக் கோவப்பட்டார்? நல்லாக் கேட்டுக்கிடுங்க, நான் எங்கம்மாகிட்டே இப்படித்தான் பேசினேன்”னு, ஜெர்மனியை முழுசா ஒரு தடவை பேசிக் காட்டினேன். கேட்டு ரசிக்கட்டும்னு எங்கப்பா குரல்ல சடங்கையும் பேசிக் காட்டினேன். அம்மையையும் விடலை.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நல்லா ரசிக்கிறார்னு நினைச்சேன். அப்புறம் கேட்டது.

“இசக்கிராஜ் என்ற பயணி எங்கிருந்தாலும் உடனடியாக மதுரை வந்து சேரவும்.”

எங்கப்பா குரலை உலகத்துல என்னைத் தவிர ஒருத்தர்தான் அவ்வளவு சுத்தமாப் பேச முடியும். எங்கப்பா. பின்னால எங்கம்மா விசும்புற சத்தம். அப்புறம் அந்த முதல் குரல், இப்போ மூக்குல பாதி, வாயில பாதி.

“ம்ம். நான் அப்படியா பேசுறேன்? சந்தோஷம்.”

நெசமான டாக்டர் அண்ணாச்சி. அவரு ரூம்ல மேஜை நடுவுல போனை வெச்சு, சுத்தி எங்கப்பா, எங்கம்மா, ஜெனிட்டா, ஸதக் காக்கா. ஒரு கலைஞனை இப்படியா பிடிக்கிறது?

அவங்க மனசு ஆறட்டும்னு பஸ் ஏறி வந்தேன். திட்டுவாங்கன்னு தயாரா வந்தா, ஒருத்தரும் திட்டலை. அதுதான் எனக்குப் பெரிய அவமானமாப் போச்சு. ஜெனிட்டா என்னை இந்த வராண்டாவோட கடைசிக்குக் கூட்டிட்டுப் போனா.

“தொண்டைக்குத்தானே பயப்படுத? ஆமா. குரல் போயிட்டா நாங்க உன்கூடப் பேச மாட்டோம்னு நினைச்சியா? நினைச்ச.”

கேள்வியும் அவ, பதிலும் அவ, எனக்கு எங்கே இடம்? ஸதக் காக்கா வந்து என் தோள்ல கை வெச்சார். “ஒண்ணுமில்லப்பா. தப்பா எடுத்துக்காதே. போயிடுச்சுன்னே வெச்சுக்கோ. அதுக்குள்ளே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போ. நாங்க பத்திரமா வெச்சிருக்கோம்.”

அதாவது, நான் உயிரோட இருக்கும்போதே என் சொத்தைப் பங்கு போட்டாங்க. டாக்டரும் பங்குச்சாமியும் ஜெனிட்டாவுக்கு. எங்கப்பா, எங்கம்மா, பி.டி. சார் எல்லாம் காக்காவுக்கு. முந்தாநாள் சாயங்காலம் முழுக்க இதே கட்டில்ல உக்காந்து சொல்லிக் கொடுத்தேன். கொடுமை அண்ணாச்சி. காக்கா எங்கப்பா மாதிரி பஸ் அறிவிச்சா, தப்பா எடுத்துக்காதீங்க பயணிகளேன்னு வருது. ஜெனிட்டா டாக்டராப் பேசினா, “ம்ம். வலிக்குதா? வலிக்குது. சந்தோஷமா? சந்தோஷம்.” பக்கத்து ரூம்லேருந்து வந்து சத்தம் குறைங்கன்னாங்க. நாங்க மூணு பேரும் வயித்தைப் பிடிச்சுட்டுக் கிடந்தோம். ரெண்டு பேருக்குச் சின்ன வயிறு, எனக்கு மட்டும் பழைய வயிறு.

நேத்து என்னை ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போகும்போது ஜெனிட்டா கூடவே நடந்து வந்தா. கதவுகிட்டே குனிஞ்சு, “ம்ம். இசக்கி. போயிட்டு வா. சந்தோஷம்”னா. மூக்கை உறிஞ்சி, பாதியில குரல் உடைஞ்சு. டாக்டர் என்னைக்காவது அழுவாரா? கடைசி வரைக்கும் அதைத் தப்பாத்தான் செய்தா.

கண்ணு முழிச்சதும் முதல் வேலையா டாக்டரைப் பேசிப் பார்த்தேன். ‘ம்ம்’ வந்தது. ‘சந்தோஷம்’ வரலை, காத்துத்தான் வந்தது. மயக்க டாக்டரம்மா வந்து பார்த்துட்டு, ஒரு வாரம் வாயை மூடிட்டு இரு, பெரும்பாலும் சரியாயிடும்னாங்க. திரும்பவும் பெரும்பாலும். அதான் வாயை மூடிட்டு உங்ககிட்டே மெதுவாப் பேசிட்டிருக்கேன்.

சிரிக்காதீய. நீங்களே சொல்லுங்க, நான் எவ்வளவு நேரமாப் பேசுதேன், ஒரு குரலாவது தனியாத் தெரிஞ்சுதா? எல்லாருக்கும் ஒரே தொண்டைதானே? யார் யார்னு சொல்லிட்டே வந்ததால ஆச்சு. அதுவும் நடுவுல சொல்ல மறந்துட்டேன்னு நினைக்கிறேன். நீங்க பெரிய மனசு பண்ணிக் கேக்காம விட்டுட்டிய. போயிட்டு அண்ணாச்சி. அந்த ஊரே போயிட்டு. இனிமே நான் என்ன பேசினாலும், கரகரன்னு ஒரு மெலிஞ்ச பையன் பேசுறான்னுதான் கேக்கும்.

அங்கே வெளியே என்ன சத்தம்? கதவை மூடித்தானே வெச்சிருக்கு.

“பார்க்கிற நேரம் ஆயிட்டா? ஆயிட்டு. செருப்பைக் கழட்டினேனா? கழட்டிட்டேன். பிறகு எதுக்கு வழியை மறிக்கிய? உங்களுக்கே தெரியாது.”

“ஒண்ணுமில்ல சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க, நாங்க சத்தம் போட மாட்டோம்.”

என்ன அண்ணாச்சி? என்ன சொன்னிய இப்போ? ஜெனிட்டாவும் ஸதக்கும் வந்தாச்சுன்னா?

கதவு இன்னும் திறக்கலையே. அவங்க ஆள் எப்படி இருப்பாங்கன்னுகூட நான் சொல்லலை. உங்களுக்கு எப்படித் தெரியும்? சிரிக்காம சொல்லுங்க. குரலை வெச்சுன்னா என்ன அர்த்தம், அவங்க குரலை நீங்க எங்கே கேட்டிய? என்கிட்டேயா? என்கிட்டே இருக்கிறது இந்தத் தகரம் ஒண்ணுதானே.

ஓ. புரிஞ்சுட்டு. உங்களையும் முன்னாடியே பார்த்துப் பேசி வெச்சுட்டாங்க, அதானே? பக்கத்துக் கட்டில்ல ஆளைப் படுக்க வெச்சு வேவு பார்க்கிற அளவுக்குப் போயிட்டாங்களா? அதான் மடியில பையோட உக்காந்திருந்திய. நல்லா நடிச்சிய, நான்கூட நம்பிட்டேன்.

அண்ணாச்சி, என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க. நாளைக்கு உங்களுக்கு நெசமாவே ஆபரேஷன்தானா?